அக்கரையில் ஒரு பெற்றோர் விடுதி

கரட்டுப்புதூரில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிப்பதெல்லாம் பெற்றவர்களின் தலைக்குள் போய்ச் சேர ஆரம்பித்தது, காலாண்டுத் தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்த ஒரு வியாழக்கிழமையில். அன்று காலை கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த துளசிமணி, கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டு, பென்சீன் வளையத்தில் ஆறு கார்பன் அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பக்கத்தில் நின்றவளிடம் நிதானமாகச் சொன்னாள். பக்கத்தில் நின்றவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, தன் பங்குக்கு, தொகையீடு போடும்போது கடைசியில் மாறிலியை எழுத மறக்கக் கூடாது என்றாள். இருவருக்குமே பன்னிரண்டாவதில் பிள்ளைகள் இருந்தார்கள். பிறகு இருவரும் அட்டைகளை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள், ஒன்பது மணிக்கு முட்டை வண்டி வந்துவிடும்.

நான் வளர்மதி, அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். பாடம் நடத்துவதைவிட எனக்குப் பெரிய வேலை ஒன்று இருந்தது. வருஷா வருஷம் ஜூன் மாதம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர்களைக் கூட்டி, இந்த இரண்டு வருஷத்தை எப்படிக் கடப்பது என்று மைக் பிடித்துச் சொல்வேன். கேபிளை வெட்டிவிடுங்கள், கல்யாணம் காதுகுத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள், வீட்டுக்கு விருந்தாளி வரக் கூடாது, பிள்ளை தட்டைக்கூடக் கழுவக் கூடாது, பிள்ளைக்குப் படிப்பைத் தவிர வேறொன்றும் தெரிய வேண்டியதில்லை என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களும் பள்ளிக்கூடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு போய் அப்படியே செய்தார்கள். அதனால் பிள்ளைகள் பாடத்தைத் தவிர வேறெதையும் கற்காத ஊராக எங்கள் ஊர் ஆகியிருந்தது. அந்தப் பாடமும் இப்போது கைநழுவிப் போனது.

காலாண்டில் எழுபத்து நான்கு பேரில் அறுபத்தாறு பேர் வெறும் தாளைக் கொடுத்தார்கள். திட்டினோம், முட்டி போட வைத்தோம், பெற்றோரை வரச் சொன்னோம். வந்த பெற்றோர் வினாத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார்கள். லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர், கையில் கிரீஸோடு வந்தவர், ஏழாவது கேள்வியே தப்பு, கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் ஒன்றும் பொருந்தாது என்று கணக்கு வாத்தியாருக்கு நிரூபித்துக் காட்டினார். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. ஏன் இப்படி ஆனது என்று யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை, அரையாண்டுக்கு நாள் குறைவாக இருந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்று செய்து பார்த்தார்கள். தலைக்குள் வந்ததைப் பிள்ளைக்கே திருப்பிச் சொல்லிக்கொடுத்தார்கள், சொன்னது பிள்ளையின் காதில் நுழைந்து மறுபடியும் சொன்னவருக்கே வந்து சேர்ந்தது, ஒரே பாடம் இரண்டு தடவை தெரிந்ததுதான் மிச்சம். பிள்ளையை முன்னால் உட்கார வைத்து எழுதிக் காட்டினார்கள், அதுவும் அப்படித்தான் ஆனது. பிள்ளைக்கு நினைவாற்றல் கூட வேண்டும் என்று முந்தின வருஷம்வரை மாலை சாத்திய அதே சாமிக்கு, எங்களை மக்காக்கிவிடு என்று வேண்டிக்கொண்டு மொட்டை போட்டார்கள். பஸ் நிலையத்தை ஒட்டி இருந்த டியூஷன் சென்டர் பெற்றோருக்கு மறதிப் பயிற்சி என்று போர்டு வைத்தது, அதிலும் கூட்டம் நிறைந்தது. தேர்வைப் பெற்றோரே எழுத அனுமதிக்க வேண்டும் என்று மேலே ஒரு மனு போனது, ஹால் டிக்கெட்டில் உள்ள படமும் எழுதுபவரின் முகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

வெறும் தாள் கொடுக்காத எட்டுப் பேரும் குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்த பிள்ளைகள், தாயும் தகப்பனும் இல்லாதவர்கள். அரையாண்டிலும் அவர்கள்தான் முதல் எட்டு இடம். முன்பெல்லாம் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்கள் இப்போது வேறு மாதிரி பார்த்தார்கள். ஒரு தகப்பன் என்னிடம் வாய்விட்டே சொன்னார், கொடுத்து வைத்த பிள்ளைகள் என்று. நான் அவரைக் கண்டிக்கவில்லை, பாடத்திட்டத்தில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

ஆற்றைத் தாண்டினால் இது நின்றுவிடுகிறது என்பது தற்செயலாகத் தெரிந்தது. தங்கை வீட்டு இழவுக்காக அக்கரை போய் மூன்று நாள் தங்கிய ஒருத்தியின் மகன், அந்த மூன்று நாளில் படித்ததை அப்படியே ஒப்பித்தான். அவள் திரும்பி வந்து சேர்வதற்குள் மறந்தான். தலைமை ஆசிரியர் நாச்சிமுத்து சார் உடனே பெற்றோர்களை வரிசையாகப் பாலத்தில் நடக்கவிட்டு, எங்கே நிற்கிறது எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, பதினொரு கண் பாலத்தில் ஆறாவது கண்ணுக்கு நேர்மேலே குறுக்காக ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டார். இன்னும் இரண்டு விஷயங்களும் அப்போது தெரிந்தன. அந்த வருஷம் ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்னால் பிள்ளைகள் கற்றதற்குப் பாதிப்பில்லை. அக்கரையில் இருந்துவிட்டு வந்தால், அடுக்கிய முட்டை அட்டையில் மேலட்டையை முதலில் எடுப்பது போல, பிள்ளை கடைசியாகக் கற்றதுதான் முதலில் வரும், பிறகு அதற்கு முந்தியது, பிறகு அதற்கும் முந்தியது. ஒருமுறை போனது பிள்ளைக்குத் திரும்புவதில்லை, மறுபடியும் முதலிலிருந்து படித்தால்தான் உண்டு.

எங்கள் பக்கத்தில் பன்னிரண்டாவது என்றால் பிள்ளைகளை விடுதியில் போட்டு அடைப்பதுதான் வழக்கம். அந்த வருஷம் பெற்றவர்களை அடைத்தோம். அக்கரையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, மணமகள் அறைப் பக்கம் தாய்மார்கள், மணமகன் அறைப் பக்கம் தகப்பன்மார்கள் என்று பிரித்து, பொங்கல் முடிந்த மறுநாளிலிருந்து கடைசித் தேர்வு முடியும் வரை யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது என்று கையெழுத்து வாங்கினோம். எனக்குப் பிள்ளை இல்லாததால் என்னையே வார்டனாகப் போட்டார்கள், நான் மட்டும்தான் பாலத்தில் போக வர முடிந்தது. செல்போன்களை வாங்கி ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டினேன், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் கொடுப்பேன். பெற்றவர்கள் அதை ஒரு விரதமாகவே எடுத்துக்கொண்டார்கள், சிலர் மாலை போட்டுச் செருப்பையும் விட்டார்கள். வீட்டில் பிள்ளைகள் தனியாக இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்சம் பார்த்துக்கொண்டார்கள், மிச்சத்தைப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் வழக்கமாக ஒரு பாத பூஜை நடத்துவோம், பொதுத்தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் பெற்றோரின் காலைக் கழுவிப் பொட்டு வைத்து ஆசீர்வாதம் வாங்குவார்கள், மைக்கில் நான் உருக்கமாகப் பேச எல்லோரும் அழுவார்கள். அந்த வருஷமும் அதை விடக் கூடாது என்றார் நாச்சிமுத்து சார். எழுபத்து நான்கு பிள்ளைகளும் இக்கரைப் படிகளில் நின்று செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை ஆற்றில் ஊற்றினார்கள், பெற்றவர்கள் அக்கரையில் சேலையையும் வேட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளும் ஊற்றினார்கள், அவர்களுக்காக நான் அக்கரையில் காலை நனைத்தேன். மஞ்சள் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை, ஓட்டத்தில் அப்படியே கீழே போய்விட்டது.

துளசிமணியை நான் அதிகம் கவனித்தது அந்த விடுதியில்தான். அவள் புருஷன் சென்னியப்பன் ரிக் வண்டியில் வடக்கே எங்கேயோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான், வருஷத்துக்கு ஒருமுறை வருவான், ஆகவே மகள் தாரிகாவின் படிப்பு முழுக்க இவளுக்குத்தான் வந்தது. தாரிகாவுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. பண்ணையில் கழுத்து தொங்கிய கோழிகளை அம்மா குழியில் போடுவதைப் பார்த்து வளர்ந்த பெண், ஏன் செத்தது என்று கேட்டுக் கேட்டு, யாரும் சொல்லாததால் தானே படித்துக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தவள். உயிரியலில் மதிப்பெண் இல்லையென்றால் அது நடக்காது. துளசிமணிக்கு இந்த ஒன்றுதான் கவலை, ராப்பகல் இதே பேச்சு.

எல்லோரும் பொங்கலுக்கு மறுநாளே வந்துவிட, இவள் மட்டும் உடம்பு சரியில்லை என்று நான்கு நாள் கழித்து வந்தாள். அதற்காக நான் கடிந்துகொண்டதை மனதில் வைத்திருந்து, ஒருநாள் மண்டபத்துப் பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது தானாகச் சொன்னாள்.

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க டீச்சர். அந்த நாலு நாளும் அவ மரபியல் படிச்சுட்டு இருந்தா. தாய் தகப்பங்கிட்ட இருந்து புள்ளைக்கு எது எது வருதுன்னு. பாதியில விட்டுட்டு வர எனக்கு மனசு வரலீங்க. நான் பத்தாவது முடிச்சதும் கட்டிக் குடுத்துட்டாங்க, எனக்கு அது இனிச்சுதுங்க டீச்சர். எம்புள்ள வாயில இருந்து புடுங்கித் தின்னாப்பல இருந்துச்சு, ஆனா இனிச்சுதுங்க."

நான் அவள் கையிலிருந்த முறத்தை வாங்கிக்கொண்டேன். அவள் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கோட்டுப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமைகளில் போன் கைக்கு வந்தால் மற்ற தாய்மார்கள் பிடுங்கிக்கொண்டு பேசுவார்கள், இவள் மட்டும் ஒரு நிமிஷம் பேசிவிட்டு வைப்பாள். மகள் நல்லாயிருக்கேன், ரிவிஷன் இருக்கு, வைக்கிறேன் என்பாளாம். தாரிகா ஒருநாளும் தானாகக் கூப்பிட்டதில்லை. அதில் துளசிமணிக்குப் பெருமையும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. நாற்பத்தைந்து நாளில் அந்தப் பெண் ஜூனிலிருந்து நடத்திய அத்தனையையும் முதலிலிருந்து படித்து முடித்திருந்தாள், கடைசி ரிவிஷன் தேர்வில் உயிரியலில் தொண்ணூற்றிரண்டு. விடைத்தாளைத் திருத்தியவர் என்னிடம் காட்டியபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

தேர்வு திங்கட்கிழமை தொடங்க இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் டிரங்குப் பெட்டியைத் திறந்து போன்களைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். துளசிமணி வாங்கித் திறந்ததுமே அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து அழைப்பு வந்தது. தாரிகாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று தன்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், மாத்திரை போட்டும் நிற்கவில்லை, இன்று அந்தப் பிள்ளை நடக்கவே செவரைப் பிடிக்கிறது என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. நான் போய்ப் பார்த்து டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் துளசிமணி வாசலைத் தாண்டியிருந்தாள். மற்றவர்களின் போன்களை எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் நான் ஸ்கூட்டியை எடுத்தேன். அந்த நேரத்திலும் எண்ணினேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பாலத்தில் அவள் கோட்டைத் தாண்டி நான்கைந்து எட்டு வைத்து நின்றிருந்தாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்கலாம், இரண்டு நிமிஷம் ஆகியிருக்கலாம். ஜனவரியில் ஒரு தகப்பன் வீட்டு மோட்டாரைச் சரிசெய்ய அரைமணி நேரம் வந்துபோனதில் மகனுக்கு இரண்டு அத்தியாயம் போய்விட்டது எனக்கு ஞாபகம் வந்தது. ஓடிப் போய் அவள் கையைப் பிடித்து, திரும்புங்கள், ஒவ்வொரு நிமிஷமும் பாடம் போகிறது என்றேன்.

"பாடம் வரலீங்க டீச்சர்," என்றாள்.

அப்படியென்றால் நல்லது, வருவதற்குள் வந்துவிடுங்கள் என்று இழுத்தேன். அவள் அசையவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் படித்துச் சொல்வது போலச் சொன்னாள்.

"கஞ்சிக்கு எத்தன தண்ணி ஊத்தறதுன்னு வருதுங்க. காச்சலோட எந்திரிச்சு செவுத்தப் புடிச்சுட்டு எப்படி நடக்கறதுன்னு. ஆருமில்லாத ஊட்ல வானொலியச் சத்தமா வெச்சுட்டு எப்படித் தூங்கறதுன்னு. போன எடுத்து எம்பட நெம்பர் வரைக்கும் போயி, அமுத்தாமக் கீழ வெக்கறது எப்படின்னு. அம்மா இல்லாம இருக்கறதுக்குப் படிச்சிருக்கறாளுங்க டீச்சர். அதையத்தான் கடைசியாப் படிச்சிருக்கறா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் கற்பதெல்லாம் பாடம் மட்டும்தான் என்று நாங்கள் இருந்துவிட்டோம், இத்தனை மாதம் வேறெதையும் நாங்கள் கற்கவிடவில்லை, ஆகவே வேறெதுவும் வந்ததும் இல்லை. இந்த நாற்பத்தைந்து நாளில், எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றை அந்தப் பெண் தானாகப் படித்து முடித்திருந்தாள், அதைத்தான் அவளைப் பெற்றவள் இந்த இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிட்டாள்.

போன் அடித்தது. நாற்பத்தைந்து நாளில் முதல்முறையாகத் தாரிகா தானாகக் கூப்பிட்டாள். பாலத்தில் காற்று அடித்தும் எனக்கு அவள் குரல் கேட்டது, பன்னிரண்டாவது படிக்கும் பெண்ணின் குரல் மாதிரியே இல்லை.

"அம்மா, நீ எங்கம்மா இருக்கற? எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலம்மா. இந்நேரம் வரைக்கும் எப்படி இருந்தேன்னும் தெரியல. நீ வந்துரும்மா."

துளசிமணி போனைக் காதிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்ன செய்யட்டும், நீங்கள் சொல்லுங்கள் டீச்சர் என்று கேட்டாள். இருபத்திரண்டு வருஷம் பெற்றோர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று மைக்கில் சொன்னவள் நான், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தவள். அவள் வீட்டுக்குப் போனால் ராத்திரிக்குள் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணக்கு அத்தனையும் மகளிடமிருந்து இவளுக்கு வந்துவிடும், திங்கட்கிழமை அந்தப் பெண் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வருவாள், கால்நடை மருத்துவம் என்ற பேச்சே இருக்காது. போகாவிட்டால், தனியாக இருக்கத் தெரியாத பிள்ளை ஒன்று காய்ச்சலோடு தனியாகக் கிடக்கும். நான் ஒரு டீச்சர் என்ன கணக்குப் போடுவாளோ அதைத்தான் போட்டேன். இதுவரை போனது காய்ச்சலையும் தனிமையையும் தாங்கத் தெரிந்தது மட்டும்தான், பாடம் அடியில் பத்திரமாக இருக்கிறது.

நீங்கள் திரும்பிப் போங்கள், நான் போய் அவள் கூட இருக்கிறேன் என்றேன்.

அவள் கத்துவாள், என்னைத் தள்ளிவிட்டு ஓடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகக் கையைக்கூட அகலமாக விரித்து நின்றேன். அவள் போனை அணைத்து என் கையில் கொடுத்தாள். பிறகு ஒரு கணம் தன் நெஞ்சில் கைவைத்து, அங்கே என்ன இருக்கிறது என்று தடவிப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இப்ப என்னால முடியுதுங்க டீச்சர்," என்றாள். "அதான் பயமா இருக்குது."

சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டி அக்கரைப் பக்கம் நடந்தாள். வேகமாகவும் இல்லை, தயங்கியும் இல்லை, சந்தைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். பாலம் முடியும் வரை அவள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் திரும்பவில்லை. ஒரு பதினேழு வயதுப் பெண் நாற்பத்தைந்து நாள் அழுது அழுது பழகியதை அவள் ஒரு நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள், இனி அது அவளிடமிருந்து போகாது.

நான் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வண்டிச் சத்தம் கேட்டதும் தாரிகா கதவைத் திறந்தாள். முகம் வெந்து சிவந்திருந்தது, உள்ளே மேசையில் உயிரியல் புத்தகம் திறந்தபடி கிடந்தது, வானொலி நின்றுபோயிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால், தெருவைப் பார்த்தாள்.

"அம்மா எங்க மிஸ்?"

நெற்றியில் கைவைத்தேன், கொதித்தது. என் தலைக்குள் அத்தனை வருஷத்துப் பேச்சும் இருந்தது, அதில் இந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தைதான் கிடைத்தது.

"பரீட்சை முடியட்டும், சாமி," என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள், ஆனால் கதவைச் சாத்தவிடவில்லை.